நாலு பேருக்குத் தெரிந்தால் போதுமா? இணையக் கதைக் களஞ்சியத்துக்கு விக்கிப்பீடியாவில் இடம் கேட்பது எப்படி



2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த சமயத்தில் அந்த நாவலின் பிடிஎஃப் எத்தனை வாட்ஸாப் குழுக்களில் சுற்றியது, ஞாபகம் இருக்கா? யாரோ அனுப்பினார்கள், நாமும் இறக்கிக்கொண்டோம். ஆனால் ஐந்து பாகம் கொண்ட ஒரு நாவல் தானாகவே கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடாது. யாரோ பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்திருக்க வேண்டும், யாரோ பிழை பார்த்திருக்க வேண்டும். கல்கியின் நாவல்களையும் புதுமைப்பித்தனின் சிறுகதைகளையும் இப்படி இலவசமாக இணையத்தில் வைத்த முன்னோடிகளில் ஒன்று மதுரைத் திட்டம்.

இப்படிப் பல களஞ்சியங்கள் தமிழில் இருக்கின்றன. சிலவற்றை அமைப்புகள் நடத்துகின்றன. சிலவற்றை ஒரே ஒரு ஆள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து நடத்துகிறார். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறோம். ஆனால் அவற்றில் ஒன்றுக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் போனால், முதல் கேள்வியே நம்மை நிறுத்திவிடும்: "இது குறிப்பிடத்தக்கதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"என்னங்க இது, நாங்கள் எல்லாரும் படிக்கிறோமே!" என்று பதில் சொன்னால் செல்லாது. ஏன் செல்லாது, எது செல்லும், அதை எங்கே தேடுவது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் அந்தச் சொல்

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். கேட்டவுடன், "தரமானதா? புகழ் பெற்றதா? பயனுள்ளதா?" என்று தோன்றும். இந்த மூன்றையுமே அது கேட்கவில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நம்பத்தகுந்த யாராவது இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிலில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்க. "எங்க சரக்கு முதல் தரம்" என்று நாமே எழுதிக் கொடுத்தால் வெளிநாட்டில் வாங்குபவர் ஒத்துக்கொள்வாரா? லேப் ரிப்போர்ட் கேட்பார். அந்த லேப் நம்முடையதாக இருக்கக் கூடாது என்றும் சொல்வார். சரக்கு மட்டம் என்று அவர் சொல்லவில்லை. தோலைத் தொட்டுப் பார்க்காமல் ஆயிரம் மைல் தாண்டி முடிவெடுக்க வேண்டியவருக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். விக்கிப்பீடியா தொகுப்பாளரும் அதே நிலையில் இருப்பவர்தான். அவர் உங்கள் களஞ்சியத்தைப் படித்ததில்லை. ஒருவேளை உங்களையும் நம்பமாட்டார். சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளின் எழுத்தைத்தான் அவரால் நம்ப முடியும்.

இன்னொரு உதாரணம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்தில் 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' வழக்கைப் படித்திருப்பீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து நம்ம மாவட்டத்து மக்கள் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அந்த அமைப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அலுவலகம் எவ்வளவு பெரியது என்று இன்று யாரும் கேட்பதில்லை. சட்ட இதழ்கள் எழுதின, நாளிதழ்கள் எழுதின, பாடநூல்கள் எழுதின. அந்த அமைப்போடு சம்பந்தமில்லாதவர்கள் எழுதியதால் அதன் பெயர் பதிவில் நின்றுவிட்டது. குறிப்பிடத்தக்கமை என்றால் இதுதான்.

மூன்று சல்லடை

கையில் ஒரு சான்று கிடைத்தால் அதை மூன்று கேள்விகளில் சலித்துப் பாருங்கள்.

ஒன்று, எழுதியவர் யார்? களஞ்சியத்தை நடத்துபவர், அதில் கதை எழுதுபவர், அதற்குப் பணம் கொடுப்பவர், அதனிடம் பணம் வாங்குபவர் என யாராக இருந்தாலும் சார்புள்ளவர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் குறிப்பிடத்தக்கமைக்குக் கணக்கில் வராது.

இரண்டு, எங்கே வெளிவந்தது? வெளியிடும் முன் ஓர் ஆசிரியர் படித்துத் திருத்தும் இடமா? நாளிதழ், பருவ இதழ், பதிப்பகம் போட்ட புத்தகம், ஆய்விதழ் இதெல்லாம் சரி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிற முகநூல் பதிவு, யூடியூப் வீடியோ, சொந்த இணையதளம் இதெல்லாம் பொதுவாகச் செல்லாது.

மூன்று, எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? "தமிழில் இன்னின்ன தளங்கள் உள்ளன" என்று பத்துப் பெயரை வரிசையாகப் போட்டு அதில் ஒன்றாக நம்முடையதும் இருந்தால் போதாது. அந்தக் களஞ்சியத்தைப் பற்றி நாலைந்து பத்தியாவது இருக்க வேண்டும். எளிய சோதனை சொல்லட்டுமா? அந்தச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எதையும் பார்க்காமல், உங்களால் ஒரு பத்தி எழுத முடிகிறதா? முடிந்தால் ஆழம் இருக்கிறது. முடியாவிட்டால் அது போகிற போக்கில் சொன்ன பேச்சு.

மூன்று சல்லடையிலும் நிற்கிற சான்று குறைந்தது இரண்டு வேண்டும். நடைமுறையில் மூன்று இருந்தால் நிம்மதி. முப்பது லிங்க் கொடுப்பதைவிட, நல்லதாக மூன்றைத் தேர்ந்தெடுத்து, "இதோ இந்த மூன்றையும் பாருங்கள்" என்று முன்னால் வைப்பதே புத்திசாலித்தனம். முப்பது லிங்க்கையும் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. பார்க்கிற முதல் நான்கும் குப்பையாக இருந்தால் மீதியையும் குப்பை என்றே நினைப்பார்கள்.

மதுரைத் திட்டத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம்

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் உடனிருந்தார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்பு பார்த்தார்கள். யூனிகோடு பரவாத அந்தக் காலத்தில் ஒருவர் அனுப்பும் தமிழ்க் கோப்பு இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சமாளிக்க 'திஸ்கி' என்ற குறியாக்கத்தைப் பயன்படுத்தினார்கள், பிறகு யூனிகோடுக்கு மாறினார்கள். 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் தமிழ் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏற்கெனவே விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது. ஆனால் இல்லை என்று வைத்துக்கொண்டு, கீழ்க்கண்ட ஆறு வகைச் சான்று நம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

1. தளத்தின் சொந்த அறிமுகப் பக்கம். எப்போது தொடங்கியது, யார் நடத்துகிறார்கள் என்ற விவரங்களுக்கு மேற்கோள் காட்டலாம். குறிப்பிடத்தக்கமைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

2. நிறுவனரே ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரை. இதில்தான் பலர் வழுக்குவார்கள். மாநாடு பெரியது, தொகுப்பு அச்சில் வந்தது, எல்லாம் சரி. ஆனால் எழுதியவர் நிறுவனர். முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும்.

3. ஒரு நாளிதழ் நிருபர் விசாரித்து எழுதிய கட்டுரை. மூன்றிலும் நிற்கும். ஒரு எச்சரிக்கை: முழுக்க முழுக்கக் கேள்வி-பதில் பேட்டியாக இருந்தால், பதில் பகுதி நிறுவனரின் பேச்சுதானே? நிருபர் தன் சொந்த வார்த்தையில் எழுதிய பகுதிக்குத்தான் எடை.

4. தமிழ்க் கணிமை வரலாறு பற்றிய நூலில் ஒரு பகுதி அல்லது முனைவர் பட்ட ஆய்வேடு. நிற்கும். தங்கம் மாதிரி.

5. ஒரு நாவல் ஆய்வின் அடிக்குறிப்பில் 'மதுரைத் திட்டப் பதிப்பு' என்று இருப்பது. இப்படி நூறு ஆய்வுகள் இருந்தாலும் சரி, அவை களஞ்சியத்தைப் *பயன்படுத்துகின்றன*, களஞ்சியத்தைப் *பற்றி* எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் சல்லடையில் விழும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

6. ஒரு பிரபல எழுத்தாளர் தன் சொந்தத் தளத்தில் எழுதிய பாராட்டு. அந்தத் துறையில் மதிக்கப்படுபவர் எழுதியது என்பதால் ஓரளவு எடை உண்டு. ஆனால் இதை மட்டுமே நம்பி நிற்க முடியாது. மற்றதோடு சேர்த்துத் துணைச் சான்றாக வைக்கலாம்.

ஆறில் இரண்டு முழுசாகத் தேறின, ஒன்று அரைகுறை. இந்தக் கணக்கு போதும். கவனித்தீர்களா, ஆறில் எதுவுமே "எத்தனை பேர் படிக்கிறார்கள்" என்று பேசவில்லை.

இன்னும் ஒன்று. கல்கியின் நாவல் அங்கே இருக்கிறது என்பதால் களஞ்சியத்துக்குக் கல்கியின் புகழ் ஒட்டிக்கொள்ளாது. கல்யாணசுந்தரம் சூரிய மின்கல ஆராய்ச்சியில் பெயர் பெற்ற வேதியியல் அறிஞர் என்பதாலும் களஞ்சியத்துக்கு எதுவும் கூடாது. அப்பா பெரிய ஆள் என்பதற்காகப் பையனுக்கு மார்க் போட மாட்டார்கள் இல்லையா, அதே விதி.

எங்கே தேடுவது?

கூகுளில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லப்பா" என்று எழுந்துவிடாதீர்கள். தமிழில் தேடுவது தனிக் கலை.

*எழுத்துக்கூட்டல்.* 'மதுரைத் திட்டம்', 'மதுரைத்திட்டம்', 'மதுரை திட்டம்', 'புராஜெக்ட் மதுரை', 'பிராஜக்ட் மதுரை' என்று எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். ஒற்று மிகுந்ததா, சேர்த்து எழுதினார்களா, பிரித்து எழுதினார்களா என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும். வெறுமனே 'மதுரை திட்டம்' என்று போட்டால் ஸ்மார்ட் சிட்டி, எய்ம்ஸ், குடிநீர்க் குழாய் என்று மதுரை மாநகரமே வந்து நிற்கும். கூடவே 'மின்னூல்', 'தன்னார்வலர்', 'கல்யாணசுந்தரம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள்.

*பழைய எழுத்துரு.* 2000-களின் முற்பகுதியில் பல தமிழ் இதழ்களின் தளங்கள் யூனிகோடில் இல்லை, தத்தம் எழுத்துருவில் இருந்தன. அந்தப் பக்கங்கள் இன்று தேடலில் சிக்காது. ஆகவே இணையத்தில் இல்லை என்பதால் எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

*அச்சு.* சான்று இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் இருந்தால் போதும். நம்ம கல்லூரி நூலகத்தில் கட்டிவைத்த பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். சென்னை போகிறவர்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' தளம் இலவசம்.

*மொழி.* தமிழ்க் களஞ்சியத்துக்குத் தமிழ்ச் சான்றுதான் வேண்டும் என்பதில்லை, ஆங்கிலச் சான்றுதான் வேண்டும் என்பதும் இல்லை. நம்ம பக்கத்துக்கு இது முக்கியம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உருது படிப்பவர்கள் நிறைய. சென்னையிலிருந்து 1927 முதல் கையெழுத்திலேயே எழுதி அச்சிட்டு வந்த 'முசல்மான்' மாதிரியான ஓர் உருது நாளிதழில் ஒரு கதைக் களஞ்சியம் பற்றி நல்ல கட்டுரை வந்திருந்தால் அதுவும் சான்றுதான். படிக்கத் தெரிந்த நண்பரை உதவிக்குக் கூப்பிடுங்கள்.

*உடனே சேமியுங்கள்.* செய்தித் தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று திறக்கும் லிங்க் அடுத்த வருஷம் திறக்காது. இணைய ஆவணகத்தின் 'வேபேக் மெஷின்' 2001 முதல் இதற்காகவே இருக்கிறது. லிங்க் கிடைத்த நிமிஷமே அதில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வாசல்: விருது

இணையதளங்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னொரு வழியும் உண்டு: சார்பில்லாத, பலரும் அறிந்த ஒரு விருது. இதற்கு உலகத்திலேயே அழகான உதாரணம் ஒரு கதைக் களஞ்சியம்தான். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்று பெயர். தங்களுக்குப் பிடித்த நாவல், படம், தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான இடம். 2007-இல் உருவான ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நிரலும் திறந்த மூலம், வேலையும் தன்னார்வலர்கள். 2019-இல் அறிவியல் புனைவு உலகின் பெரிய விருதான ஹ்யூகோ, அந்தக் களஞ்சியத்துக்கே கிடைத்தது. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கதைக்கு அல்ல, மொத்தக் களஞ்சியத்துக்கு!

ரசிகர் கதை என்றால் இலக்கிய உலகம் உதட்டைப் பிதுக்கும். ஆனாலும் குறிப்பிடத்தக்கமை பற்றி இன்று யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆய்வாளர்கள் எழுதினார்கள், பத்திரிகைகள் எழுதின, விருதும் வந்தது. தரத்தைப் பற்றிய சண்டை வேறு, பதிவைப் பற்றிய கேள்வி வேறு.

ஆனால் விருது என்றால் எந்த விருதும் அல்ல. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் ஷீல்டு தருகிற விழாக்கள் நம் ஊரில் எத்தனை நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

எதெல்லாம் எடுபடாது?

"மாதம் ஒரு லட்சம் பேர் பார்க்கிறார்கள்." எடுபடாது. அந்த எண்ணிக்கையை ஒரு பத்திரிகை கவனித்து எழுதினால் அந்தக் கட்டுரை எடுபடும்.

"கூகுளில் தேடினால் ஐம்பதாயிரம் முடிவு வருகிறது." எடுபடாது.

"ஐந்து நாளிதழில் செய்தி வந்தது." ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் அது நீங்களே அனுப்பிய செய்திக்குறிப்பு. ஐந்து சான்று அல்ல, ஒன்று. அதுவும் சார்புள்ள ஒன்று. பணம் கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரையும் அப்படியே.

"மற்ற தளத்துக்கு மட்டும் கட்டுரை இருக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை?" எடுபடாது. அந்தக் கட்டுரையும் நாளைக்கே நீக்கப்படலாம்.

"பாவம், சேவை மனப்பான்மையோடு செய்கிறார்கள்." மனசு ஒத்துக்கொள்ளும், விதி ஒத்துக்கொள்ளாது.

இல்லை என்றால் மட்டம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. லேசர் படித்த நண்பர்களுக்கு டோனா ஸ்ட்ரிக்லாண்டைத் தெரிந்திருக்கும். 2018 மே மாதம் அவரைப் பற்றிய ஒரு வரைவுக் கட்டுரையை, போதிய சான்று காட்டப்படவில்லை என்று சொல்லி ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷம் அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு. மே மாதத்தில் அவர் விஞ்ஞானியாக இல்லாமல் இருந்தாரா என்ன? எந்த ஆய்வுக்கு நோபல் கொடுத்தார்களோ அது 1985-லேயே வெளிவந்துவிட்டது. மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியது வரைவில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதில் நமக்கு ஒரு கசப்பான செய்தி இருக்கிறது. உலகம் எதை எழுதி வைக்கிறதோ அதைத்தான் கலைக்களஞ்சியம் எதிரொலிக்கும். தமிழில் நாம் படிக்கிறோம், பகிர்கிறோம், பாராட்டிவிட்டுப் போகிறோம். படித்த இடத்தைப் பற்றி உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரு நாவல் வந்தால் மதிப்புரை வரும். அந்த நாவலை இருபது வருஷம் உயிரோடு வைத்திருந்த களஞ்சியத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? நடத்துகிற ஒருவர் தளத்துக்கான பணம் கட்ட மறந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, களஞ்சியம் ஒரே நாளில் மறையும். அப்போது "இப்படி ஒன்று இருந்தது" என்று சொல்லக்கூட ஒரு வரி மிச்சம் இருக்காது. 2009-இல் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்கள் அப்படித்தான் போயின. ஜியோசிட்டீஸைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள், அதனால் அதன் பெயராவது இன்றும் இருக்கிறது. ஒரு முறை குறிப்பிடத்தக்கதாக ஆனது, செத்த பிறகும் குறிப்பிடத்தக்கதுதான். விக்கிப்பீடியாவின் விதியும் அதுவே.

சான்று கிடைத்துவிட்டது, இனி எழுதுவது

முதல் வரியில் என்ன, யார், எப்போது. புகழ்ச்சி வேண்டாம்.

தவறு: "உலகத் தமிழர்களின் ஒப்பற்ற இலக்கியப் பெட்டகமாகத் திகழ்வது மதுரைத் திட்டம்."

சரி: "மதுரைத் திட்டம் என்பது தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உதவியோடு மின்னூலாக்கி இலவசமாக வழங்கும் முயற்சி. இது 1998-இல் தொடங்கியது."

இரண்டாவதைப் படித்தவர் தானாகவே "அட, 1998-லேயேவா!" என்பார். நாம் சொல்லவே வேண்டாம்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே மேற்கோள் கொடுங்கள். சான்றில் இல்லாததை, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தாலும், எழுதாதீர்கள். நீங்களே அந்தக் களஞ்சியத்தில் வேலை செய்பவர் என்றால் அதைப் பேச்சுப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எழுதும் பொறுப்பை இன்னொருவரிடம் விடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கி நான்கு நாளும் பத்துத் திருத்தமும் ஆன பிறகுதான் நேரடியாகப் புதுக் கட்டுரை போட முடியும். அதுவரை வரைவாக எழுதி மதிப்பாய்வுக்கு அனுப்பலாம்.

நீக்கச் சொல்லி யாராவது வேண்டுகோள் வைத்தால் பதற வேண்டாம். ஆங்கிலத்தில் பொதுவாக ஏழு நாள் உரையாடல் நடக்கும். ஹாஸ்டல் மொத்தத்தையும் கூட்டி வந்து "வேண்டும், வேண்டும்" என்று எழுத வைக்காதீர்கள். அது தேர்தல் அல்ல. தலை எண்ண மாட்டார்கள், வாதத்தைத்தான் பார்ப்பார்கள். நேற்று கணக்கு தொடங்கிய முப்பது பேர் ஒரே குரலில் பேசினால் சந்தேகம்தான் கூடும். ஒரே ஒருவர் அமைதியாக, "இந்த மூன்று சான்றும் சார்பற்றவை, விரிவானவை, இன்ன இன்ன தேதி" என்று எழுதினால் போதும்.

சான்று கிடைக்கவில்லை, இனி என்ன?

இதுதான் ராணிப்பேட்டைக்காரர்களான நமக்கு உண்மையான பாடம். நம்ம பக்கத்தில் கதைக்குப் பஞ்சமா? ஊரின் பெயருக்கே தேசிங்கு ராஜாவின் ராணியைக் காரணமாகச் சொல்லும் கதை இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கதை இருக்கிறது. டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களின் கதை, தோல் பொருள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும் அக்காக்களின் கதை, வீட்டில் உருதுவிலும் தெருவில் தமிழிலும் சொல்லப்படும் கதை. நாளைக்கே நீங்கள் நாலு பேர் சேர்ந்து இவற்றை ஒலியாகவும் எழுத்தாகவும் சேர்க்க ஒரு களஞ்சியம் தொடங்கலாம். தொடங்கினால் விக்கிப்பீடியா கட்டுரையைக் கடைசி வேலையாக வையுங்கள். முதல் வேலைகள் இவை:

யார் சொன்ன கதை, எந்த ஊர், எந்தத் தேதியில் பதிவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள். சொன்னவரின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். இது இருந்தால்தான் ஓர் ஆய்வாளர் உங்களை நம்பிப் பயன்படுத்துவார், பிறகு உங்களைப் பற்றி எழுதுவார்.

அச்சில் வந்த பழைய கதைகளைச் சேர்த்தால் பதிப்புரிமையைப் பாருங்கள். நம் நாட்டில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்குத் தடை இல்லை. அப்படிப்பட்ட நூல்களை விக்கிமூலத்திலேயே ஏற்றலாம். அங்கே நூல்தான் முக்கியம், உங்கள் களஞ்சியத்துக்குக் குறிப்பிடத்தக்கமை இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு, மற்றவர்களின் களஞ்சியங்களைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-இல் தொடங்கிய 'நூலகம்' தளத்தைப் பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்புங்கள். 2015 முதல் சிறுவர் கதைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் திறந்த உரிமத்தில் தரும் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' பற்றி எழுதுங்கள். தெரிந்த நிருபர் இருந்தால் அவரிடம், "என்னைப் பற்றி எழுதுங்க" என்று கேட்காமல், "இப்படி ஒரு விஷயம் நடக்கிறது, வந்து பாருங்க" என்று சொல்லுங்கள். பாராட்ட வேண்டும் என்றுகூட இல்லை. குறை சொல்லி எழுதினாலும் அது சான்றுதான்.

இந்த மாத வேலை

நீங்கள் வழக்கமாகக் கதை படிக்கும் ஒரு தமிழ்க் களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி கட்டுங்கள்: யார் எழுதியது, எங்கே வந்தது, எவ்வளவு எழுதினார்கள். ஒரு வாரம் தேடி, கிடைத்த சான்று ஒவ்வொன்றையும் அதில் நிரப்புங்கள். மூன்று தேறினால் மணல்தொட்டியில் வரைவைத் தொடங்குங்கள். ஒன்றுதான் தேறியது என்றால், ஏற்கெனவே இருக்கும் பொருத்தமான கட்டுரை ஒன்றில் அந்தச் சான்றோடு இரண்டு வரி சேருங்கள். எதுவுமே தேறாவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தக் களஞ்சியத்தைப் பற்றி முதல் கட்டுரையை எழுத வேண்டிய ஆள் நீங்கள்தான் என்று அந்தத் தாள் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையைத் தயவுசெய்து எங்கேயும் சான்றாகக் கொடுத்துவிடாதீர்கள். மாணவர்கள் நாமே எழுதி, நாமே திருத்தி, நாமே வெளியிடும் மின்னிதழ் இது. நம்மைவிடக் கண்டிப்பான சல்லடையில் சலித்த சான்றைத் தேடிப் பிடியுங்கள்!